நெய்க்கடைக்காரர் மகளின் பித்தப்பை

தமிழரசு எந்தத் தொழிலையும் இரண்டு வருடத்துக்கு மேல் நம்பியதில்லை. ஆனால் அந்த இரண்டு வருடமும் ஊரே அதை நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பான். முதலில் ஈமு கோழி. பிறகு காடை. பிறகு லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் பங்கு. பிறகு மண்புழு உரம். ஒவ்வொன்றும் படுத்தபோது, தோற்றது தான் அல்ல, நாமக்கல்தான் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனான். அவனைக் கட்டிக்கொண்டு வந்த இருபத்திரண்டு வருடத்தில் அவன் மனைவி ரஞ்சிதா ஒரு வித்தையைக் கற்றிருந்தாள். அவன் புதிதாக எதையாவது சொல்லும்போது தலையை ஆட்டுவாள். ஆட்டியபடியே அடுப்பைப் பார்ப்பாள்.

ஐந்தாவது தொழில் வந்தபோது மட்டும் அடுப்பைப் பார்க்க முடியாமல் போனது. அது அடுப்பையே அணைக்கும் தொழில்.

பெயின்ட் பட்டறையின் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஓர் எடை மிஷினையும் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளையும் போட்டு, 'தொண்ணூறு நாள்' என்று அதற்குப் பெயர் வைத்தான். காலை ஐந்தரைக்கு எல்லாரும் வந்து ஒவ்வொருவராக மிஷினில் ஏற வேண்டும். எடை குறைந்திருந்தால் கைதட்டல். கூடியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அந்தப் பேசாமைதான் தண்டனை. காலையில் மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, மதியம் நான்கும் ஒரு வெள்ளரிக்காயும், சாயங்காலம் கொள்ளுத் தண்ணீர். எண்ணெய், தேங்காய், நிலக்கடலை எதுவும் கண்ணில் படக்கூடாது. நெய் என்ற சொல்லையே அவன் மாடியில் யாரும் உச்சரிக்கக்கூடாது. முட்டைக்குப் பஞ்சமில்லாத ஊர். மஞ்சள் கருவையெல்லாம் பட்டறை வாசலில் கொட்டினார்கள். அந்த வருடம் அந்தத் தெருவில் உடம்பு தேறியது நாய்களுக்குத்தான்.

வந்தவர்கள் அவனை "கோச்சு" என்று கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பீரியடுக்கு மரத்தடியில் தூங்கியவன் என்பதை அவனோடு படித்தவர்கள்கூட மறந்துபோனார்கள். உடம்பைப் பற்றி ஒருவன் உரக்கப் பேசினால் போதும், அவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

ரஞ்சிதா ராசிபுரத்து நெய்க்கடைக்காரர் மகள். பிறந்த வீட்டில் சோற்றில் நெய் விடுவதற்குக் கரண்டி பார்த்ததில்லை. நாற்பத்து மூன்று வயதில், ஒரு மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழாத வேலையில், எண்பத்து நான்கு கிலோ இருந்தாள். இருந்ததில் அவளுக்கு ஒன்றும் குறையில்லை. ஆனால் கோச்சின் மனைவி எண்பத்து நான்கு கிலோ இருந்தால் தொழில் எப்படி நடக்கும்?

"நீ கொறைச்சுக் காட்டுனாத்தான் புள்ள நாலு பேரு நம்புவாங்க" என்றான்.

"ஈமு கோழிக்கும் இதேதான் சொன்னீங்க. நான் அந்த முட்டையத் தின்னு காட்டுனன்."

"அது வேற."

ஆடியில் ஆரம்பித்து ஐப்பசியில் முடிந்தது. அறுபத்தொன்று. மூன்று மாதத்தில் இருபத்து மூன்று கிலோ. தலைமுடி சீப்போடு வந்தது, மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. ஆனால் பட்டறை வாசலில் பத்தடி உயர ஃபிளெக்ஸ் நின்றது. 'முன்' என்ற படத்துக்காக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தான், நின்றாள். 'பின்' என்ற படத்துக்காகச் சிரிக்கச் சொன்னான், சிரித்தாள். மற்றவர்கள் மேல் அவளுக்கு இருந்த இளக்காரத்தில் ஒரு பங்கை அந்தச் சிரிப்புக்கும் ஒதுக்கி வைத்திருந்தாள்.

கார்த்திகையில் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இலையில் உட்கார்ந்தாள். பருப்பும் நெய்யும், இரண்டு உளுந்து வடை, பாயசம். தமிழரசு எதிர்ப் பந்தியில் யாருக்கோ கொள்ளுத் தண்ணீரின் மகிமையை விளக்கிக்கொண்டே அவள் இலையை முறைத்தான். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும் பஸ்ஸில் வலி வந்தது. வலப்பக்க விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிழிவது போல ஆரம்பித்து, முதுகு வழியாக வலது தோள்பட்டைக்கு ஏறியது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் விடவில்லை. நாமக்கல் வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை பையில் வாந்தி எடுத்தாள்.

"கேஸு" என்றான் தமிழரசு. "நெய்யப் பாத்ததும் பாஞ்சயல்ல."

பக்கத்து சீட்டுக்காரர் சோடா குடிக்கச் சொன்னார். அதற்குப் பின்னால் இருந்தவர் ஓமத்தண்ணீர் என்றார். நடத்துனர் தன் பங்குக்கு இடுப்பில் சுளுக்கு என்றார். வலித்தவளைத் தவிர அந்தப் பஸ்ஸில் எல்லாருக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது.

வலி நான்கு மணி நேரம் இருந்துவிட்டு வந்த சுவடு தெரியாமல் போனது. மூன்றாம் நாள் மறுபடி வந்தபோது அவள் யாரிடமும் சொல்லாமல் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனாள். அங்கே இருந்த டாக்டர் ஷாலினி சின்னப் பெண். வயிற்றில் பசையைத் தடவி, கருவியை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பித்தப்பையில கல்லு இருக்குங்கம்மா. ஒண்ணு ரெண்டில்ல, நெறைய. பெருசு ஒம்பது மில்லிமீட்டர். சமீபத்துல ஒடம்பு கொறைச்சீங்களா?"

"மூணு மாசத்துல இருபத்திமூணு கிலோ."

டாக்டர் கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "யாருங்க இப்படிக் கொறைக்கச் சொன்னது?"

"பத்தடிக்கு ஃபிளெக்ஸ் வெச்சிருக்காருங்க" என்றாள் ரஞ்சிதா.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஈரல் பித்தநீரைச் சுரக்கிறது. ஈரலுக்கு அடியில் கத்தரிப்பிஞ்சு மாதிரித் தொங்கும் பை அதைச் சேர்த்து வைக்கிறது. சாப்பாட்டில் கொழுப்பு வந்தால் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குத் தள்ளும். கொழுப்பே வராவிட்டால் பைக்கு வேலை இல்லை, பித்தநீர் உள்ளேயே தேங்கித் தடிக்கும். உடம்பு வேகமாக இளைக்கும்போது கரையும் கொழுப்பெல்லாம் ஈரல் வழியாக அதே பித்தநீரில் வந்து இறங்கும். தேங்கியதும் தடித்ததும் சேர்ந்து கல்லாகும். பெண்களுக்கு, நாற்பது தாண்டியவர்களுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு, முதலிலேயே பருமனாக இருந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். மாதத்துக்கு இரண்டு மூன்று கிலோ என்று மெதுவாகக் குறைத்திருந்தால் இவ்வளவு ஆபத்தில்லை.

"வலிக்காத கல்லா இருந்தா உட்டுடலாங்க. உங்களுக்கு வலிக்குது. ஒரு கல்லு நழுவிக் கொழாயில அடைச்சா மஞ்சக்காமாலை வரும், கணையம் வீங்கும். உசுருக்கே ஆபத்து. சின்னச் சின்ன ஓட்டை போட்டு பையவே எடுத்துருவாங்க. தள்ளிப் போடாதீங்க."

அந்தத் தாளை மடித்துக்கொண்டுபோய்த் தமிழரசிடம் காட்டினாள். அவன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, எல்லாம் தெரிந்தவன் போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"நாப்பது வருசம் உங்கப்பன் ஊட்டு நெய்யத் தின்னல்ல, அதுதான் கல்லா நிக்குது."

"நெய்யத் தின்னப்ப ஒரு நாளும் வலிக்கலீங்க. நிறுத்துன நாலாம் மாசம் வலிக்குது."

"டாக்டருங்க கத்திய எடுக்கத்தான் பாப்பாங்க. தை அஞ்சாந்தேதி ரெண்டாவது பேட்ச் ஆரம்பம். நூறு பேரு வாராங்க. நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தா நான் என்னத்தச் சொல்றது?"

"பித்தப்பையில கல்லுன்னு சொல்லுங்க."

"சொன்னா ஆரு வருவாங்க?"

அவன் நேர்மையாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அவள் உயிரை ஒரு பக்கமும் நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளை இன்னொரு பக்கமும் வைத்து அவன் யோசித்துக்கொண்டிருந்தான். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டதுதான் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மார்கழியில் பள்ளி அலுவலகத்தில் மதியம் மூன்றாவது தடவை வலி வந்தபோது அவன் ஓர் ஏற்பாட்டோடு வந்தான். கைபேசியில் எவனோ ஒருவன் பேசிய வீடியோ. ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயும் அதே அளவு எலுமிச்சைச் சாறும் கலந்து வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வலப்பக்கமாகப் படுத்தால், மறுநாள் கல்லெல்லாம் வெளியே வந்துவிடுமாம்.

"மூணு மாசமா ஒரு சொட்டு எண்ணெய் ஆகாதுன்னீங்க. இப்ப டம்ளர்ல குடிக்கச் சொல்றீங்க."

"இது மருந்து. குடி. அதுக்கும் மேல கல்லு இருந்துச்சுன்னா நானே உன்னச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஆப்பரேசன் பண்றன். எங்கம்மா மேல சத்தியம்."

அந்தச் சத்தியத்துக்காகத்தான் குடித்தாள். அவனிடமிருந்து ஒரு வாக்கு வாங்குவதற்கு வேறு வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குமட்டலும் பேதியும். திங்கட்கிழமை காலையில் பச்சை நிறத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு உருண்டை உருண்டையாக வெளியே வந்தது. தமிழரசுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை, தலைப்பிள்ளை பிறந்த அன்றுகூட அவள் பார்த்ததில்லை. கையுறை மாட்டிக்கொண்டு அவற்றைக் கழுவி எடுத்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டான். இருபத்தெட்டு.

"ஸ்கேன்ல இத்தன பெருசு இல்லியேங்க" என்றாள்.

"ஸ்கேனுக்குத் தெரியாததெல்லாம் வந்திருச்சு பாரு."

"செரி, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்."

"அதான் வெளிய வந்திருச்சல்ல. வந்த கல்லக் கண்ணால பாத்தும் நம்பாதவளுக்கு எதுக்கு ஸ்கேனு?"

முதல் பேட்ச் முடிந்த பிறகும் பலர் எடை பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பாட்டில் மாடியேறியது. படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள், ரஞ்சிதாவின் மலத்திலிருந்து பொறுக்கியதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கோயில் பிரசாதம் வரும்போதுகூட அவ்வளவு ஒழுங்கான வரிசை நிற்காது. சிலர் படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். 'கோச்சு சாதனை' என்று ஒருவர் எழுதினார். நாற்பது பேர் கும்பிடு போட்டார்கள்.

அன்று சாயங்காலம் கந்தம்மாள் வீட்டுக்கு வந்தார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'தொண்ணூறு நாளி'ல் பதினெட்டு கிலோ குறைத்து, இப்போது சேலையை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடப்பவர். முகம் வாடியிருந்தது.

"அந்தப் பாட்டிலக் கொஞ்சம் காட்டுங்க கண்ணு. காலையில கூட்டத்துல செரியாப் பாக்கலீங்க."

ரஞ்சிதா பாட்டிலை எடுத்து வந்தாள். தமிழரசும் பின்னாலேயே வந்து, அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கந்தம்மாள் குலுக்கிப் பார்த்தார். உருண்டைகள் மேலே மிதந்தன.

ரஞ்சிதாவுக்கு அப்போதுதான் கடை ஞாபகம் வந்தது. அவள் அப்பாவிடம் நெய் கொண்டு வருபவர்கள் எல்லாரும் பசுமாட்டின் மேல் சத்தியம் செய்வார்கள். அவர் சத்தியத்தைக் காதில் வாங்க மாட்டார். டின்னில் உறைந்திருப்பதைச் சுண்டுவிரல் அளவு எடுத்துக் கரண்டியில் வைத்து, கரண்டியை வெந்நீரில் தாழ்த்துவார். உருகும் வேகம், அடியில் நிற்பது, எழும் மணம். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும். பதினைந்து வயதில் அவளும் அந்த வேலையைச் செய்திருக்கிறாள்.

ஒரு பழைய இரும்புக் கரண்டியை எடுத்தாள். பாட்டிலிலிருந்து ஓர் உருண்டையைக் குச்சியால் தள்ளி அதில் விட்டாள். அடுப்பில் குளிக்க வைத்திருந்த தண்ணீரில் ஆவி வந்துகொண்டிருந்தது. கரண்டியின் அடிப்பாகம் மட்டும் நனையும்படி தாழ்த்திப் பிடித்தாள்.

பத்து எண்ணுவதற்குள் உருண்டை ஓரத்தில் பளபளத்தது. இருபதில் சரிந்தது. முப்பதில் கரண்டியில் பச்சையாக ஒரு சொட்டு எண்ணெய் நின்றது. அடுப்படியெங்கும் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் வேறொரு வாடையும் கலந்து எழுந்தது.

"கல்லு வெந்நில உருகாதுங்க" என்றாள் ரஞ்சிதா. "நான் குடிச்ச எண்ணெதான் வவுத்துக்குள்ள உருண்டு வந்திருக்குது. சோப்பு மாதிரி. என்ற கல்லு எங்கயும் போகல. உள்ளதான் இருக்குது. சத்தியம் பண்ணீங்க, கூட்டிட்டுப் போங்க."

தமிழரசு கரண்டியைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் கந்தம்மாள் முந்திக்கொண்டார்.

"அப்ப, சுடுதண்ணியிலயே கல்லு கரையுதுங்களா கோச்சு?"

ரஞ்சிதா கரண்டியோடு அப்படியே நின்றாள். தமிழரசின் முகத்தில் வெளிச்சம் வருவதை அவள் பார்த்தாள். ஈமு கோழியின் போதும் மண்புழுவின் போதும் வந்த அதே வெளிச்சம்.

"அதத்தான் நானும் யோசிச்சிட்டு நின்னன்" என்றான். "எண்ணெ எளக்கும், சுடுதண்ணி கரைக்கும். ரெண்டாவது பேட்சுல தெனம் மூணு லிட்டரு சேத்திரலாம்."

"அக்கட்டால போங்க ரெண்டு பேரும்" என்றாள் ரஞ்சிதா. "கரண்டியக் கழுவோணும்."

அதற்குப் பிறகு அவள் அவனோடு வாதாடவில்லை. வாதாடுவதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும். ராசிபுரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி சிவக்குமாருக்குப் போன் செய்தாள். சேலத்தில் அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்து, தை எட்டாம் தேதிக்கு நாள் குறித்தார்கள். தமிழரசுக்குச் சொல்லவில்லை. ஐந்தாம் தேதி மேடையில் நின்று தொலைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

ஆனால் ஐந்தாம் தேதி காலை எழும்போதே உடம்பு நடுங்கியது. காய்ச்சல் நூற்றிரண்டு. வலி இந்தத் தடவை வந்துபோகும் வலியாக இல்லை. விலாவின் கீழே விரல் பட்டாலே மூச்சு நின்றது. வீட்டில் யாரும் இல்லை, தமிழரசு மைக் செட் கட்டப் போயிருந்தான். தம்பியைப் போனில் கூப்பிட்டாள். சிவக்குமார் வண்டியோடு வந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

வண்டி நாமக்கல்லைத் தாண்டியதும் போன் வந்தது.

"எங்க இருக்கற? எல்லாரும் வந்திட்டாங்க."

"சேலத்துக்குப் போயிட்டு இருக்கறனுங்க. ஆப்பரேசனுக்கு."

"இன்னைக்கா? அரை மணி நேரம் வந்து நின்னுட்டுப் போயிருக்கலாமல்ல?"

"ஃபிளெக்ஸ் நிக்குதல்லங்க. அது பாத்துக்கும்."

சிவக்குமார் போனை வாங்கி அணைத்தான். "ஏனக்கா, இந்த மாமாவோட எப்படித்தான் இருந்த?" என்றான். வலிக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? அவனையும் அந்த நிமிஷம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பை அழுகத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உள்ளேயே உடைந்திருக்கும் என்று டாக்டர் சிவக்குமாரிடம் சொன்னார். சீழ் பிடித்து ஒட்டிக்கிடந்ததால் ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டியது மூன்று மணி நேரம் ஆனது. நான்கு ஓட்டைகள். பை வெளியே வந்தது. கற்கள் முப்பத்தொன்று, மஞ்சளாகக் கெட்டியாக, ஒன்றுகூடக் கரையாமல்.

மூன்றாம் நாள் தமிழரசு வந்தான். தனியாக வரவில்லை. 'தொண்ணூறு நாள்' ஆட்கள் ஆறு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் விளக்கினான்.

"முக்காவாசி கரைஞ்சிருந்துச்சாமா. மிச்சம் இருந்ததத்தான் எடுத்தாங்க. நம்ம மொறையில வந்திருக்காட்டி நெலம மோசமாப் போயிருக்கும்னு டாக்டரே சொன்னாரு."

ஆறு தலைகளும் ஆடின. ரஞ்சிதா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். திருத்தலாம் என்று வாயைத் திறந்தால் தையல் போட்ட இடம் இழுத்தது. அவனுக்காக ஒரு தையலைக்கூடச் செலவழிக்க மனமில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் போனில் யாருக்கோ இதையே சொல்லிக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

கந்தம்மாள் மட்டும் போகவில்லை. ஆரஞ்சை உரிப்பது போலக் கட்டிலோரம் உட்கார்ந்தவர், வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"எனக்குங்க கண்ணு, கார்த்திகையில இருந்து இந்தப் பக்கம் புடிக்குது. தோள்பட்டை வரைக்கும். சாப்புட்டா ரெண்டு மணி நேரத்துல வருது."

"ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"கோச்சுகிட்டச் சொன்னனுங்க. வெளிய சொல்லாதீங்க, பேட்ச் நடக்கட்டும்னாரு."

ரஞ்சிதா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். இரண்டு மாதமாகத் தெரிந்தும் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்த அறுபது வயது அம்மாள். எத்தனையோ பிள்ளைகள் சாப்பிட்ட பள்ளிக்கூடத்துச் சோற்றை இருபத்தைந்து வருடம் ருசி பார்த்து அனுப்பியவருக்குத் தன் வயிறு சொன்னதைக் கேட்க ஒரு கோச்சின் அனுமதி வேண்டியிருந்தது. சொல்வதற்கு அவளிடம் ஏகப்பட்டது இருந்தது. கந்தம்மாளின் கை வலது விலாவின் மேலேயே இருந்தது.

"நாளைக்குக் காலையில ஒண்ணும் திங்காம இங்க வாங்க" என்றாள். "வெறும் வவுறா இருந்தாத்தான் ஸ்கேன்ல பை நல்லாத் தெரியும். வேன்ல வராதீங்க. பஸ்ஸுல வாங்க."

"ஆருகூட வாரது?"

"ஒங்க கால் நல்லாத்தான இருக்குது?"

கந்தம்மாள் ஆரஞ்சைக் கீழே வைத்தார். வராந்தாவில் தமிழரசு யாரிடமோ மூன்றாவது பேட்சைப் பற்றிப் பேசுவது கேட்டது.

"எந்த மாடிங்க?" என்றார் மெதுவாக.

"ரெண்டாவது. படியேறுனதும் எடக் கைப் பக்கம். ஆறு மணிக்கே டோக்கன் குடுக்கறாங்க."